இடப்பக்கம் பார்க்கும் பெண்

என் பெரியம்மாவின் மகள் லண்டனில் ஓவியர். இதைச் சொன்னால் எங்கள் ஆட்கள் உடனே, "பள்ளிக்கூடத்திலை படிப்பிக்கிறாவோ?" என்று கேட்பார்கள். இல்லை. படம் வரைகிறார், அதை விற்கிறார், அதில்தான் சீவிக்கிறார். அங்கே பெரிய அருங்காட்சியகங்கள் அவருடைய படங்களை வாங்கி மாட்டியிருக்கின்றன. பத்திரிகைகள் அவரைப் பிரித்தானிய ஓவியர் என்றுதான் எழுதும். எனக்கு அவர் அக்கா.

நான் ரொறன்ரோவில் பேருந்து ஓட்டுகிறேன். லோரன்ஸ் வீதியில் கிழக்கே போவதும் மேற்கே திரும்பி வருவதும்தான் என் தொழில். எனக்கு ஓவியம் தெரியாது, முகம் தெரியும். காலையில் ஏறுகிறவர்களுக்குக் கண் திறந்திருக்கும், ஆள் இன்னும் வந்து சேர்ந்திருக்க மாட்டார். பனிக்காலத்தில் யன்னல்களில் ஆவி படிந்துவிடும். வெளியே எது வீதி, எது வானம் என்று பிரித்தறிய முடியாது. அந்த முகங்கள் மட்டும் மஞ்சள் வெளிச்சத்தில் மிதந்துகொண்டு என்னோடு வரும். நான் ஓட்டுகிறேனா, கனவு காண்கிறேனா என்று எனக்கே சில வேளைகளில் சந்தேகம் வந்துவிடும். என் மேலதிகாரி தமிழ் வாசிக்க மாட்டார் என்ற துணிவில் இதை எழுதுகிறேன்.

அக்கா தன் வாழ்நாள் முழுக்க ஒரே முகத்தைத்தான் வரைந்தார். ஓர் இளம் பெண். தலை சற்றே சரிந்திருக்கும். கண்கள் இடப்பக்கம் எதையோ பார்க்கும். வாயோரத்தில் அடக்கி வைத்த ஒரு சிரிப்பு. சில படங்களில் அந்த முகம் சுவர் அளவு பெரிதாக இருக்கும், சிலவற்றில் உள்ளங்கை அளவுதான். சிலவற்றில் தெளிவாக இருக்கும். இன்னும் சிலவற்றில், மழை ஒழுகும் கண்ணாடிக்கு அப்பால் யாரோ நிற்பதுபோல் சாம்பல் நிறத்தில் கரைந்திருக்கும். அது அவருடைய அம்மா, என் பெரியம்மா.

பெரியம்மா இரண்டாவது பிரசவத்தில் பிள்ளையோடு போய்விட்டார். அப்போது அக்கா நடை பழகி, கதை பழகிக்கொண்டிருந்த குழந்தை. கொஞ்சக் காலத்தில் கலவரத்தில் கொழும்பு வீடும் எரிந்தது. கல்யாண அல்பமும் அதோடு சாம்பலாகிவிட்டது. பெரியப்பா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லண்டனுக்குப் போனார். அங்கே அவர்களுடைய சின்ன வீட்டின் ஹோலில் பெரியம்மாவின் படம் ஒன்று தொங்கியது. ஸ்டூடியோவில் பெருப்பித்து, சட்டம் போட்டு, மாலை போட்டு, பக்கத்தில் ஒரு சிவப்பு பல்பும் எரியும். அக்கா அந்த வெளிச்சத்தில்தான் பாடம் படித்தார். நித்திரைக்குப் போகும்போது அந்தப் படத்துக்குத்தான் குட்நைட் சொன்னார்.

பெரியப்பா பெற்றோல் ஸ்ரேஷனில் வேலைக்கு நின்றார். பள்ளிக்கூடம் விட்டு அக்கா அங்கே போய், அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்து, பழைய ரசீதுகளின் பின்பக்கத்தில் அந்த முகத்தைக் கீறுவாராம். பெரியப்பா மகள் கணக்காளர் ஆவாள் என்று நம்பியிருந்தார். மகள் ஓவியக் கல்லூரிக்குப் போனார். கேட்டவர்களுக்கெல்லாம் பெரியப்பா, "கொம்பியூட்டர் படிக்கிறாள்" என்று சொல்லிச் சமாளித்தார். அவர் பொய் சொன்னதில் எனக்கு ஆச்சரியமில்லை. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அந்தக் காலத்தில் கொம்பியூட்டர்தான் படித்தார்கள்.

முதல் கண்காட்சி ஒரு சலவைக் கடையின் மேல்மாடியில் நடந்தது. பெரியப்பா வேலை உடுப்போடு வந்தாராம். மகள் வரைந்த அத்தனை முகங்களுக்கும் நடுவில் நின்று தோடம்பழச் சாறு குடித்தாராம். "நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம்.

"அவர் ஒரு படத்தையும் பாக்கேல்லை. நிலத்தைத்தான் பாத்தவர்" என்று அக்கா பல வருடங்களுக்குப் பிறகு தொலைபேசியில் எனக்குச் சொன்னார். அது அவருக்கு ஆறாத புண். அப்பாவுக்கு அம்மாவின் ஞாபகம் தாங்க முடியாமல் இருந்திருக்கும் என்று நான் ஆறுதல் சொன்னேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பிறகு பரிசு வந்தது, பெயர் வந்தது, அமெரிக்காவில் வாங்க ஆட்கள் வந்தார்கள். அந்த முகம் ஏன் இடப்பக்கம் பார்க்கிறது என்று அறிஞர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். இழந்த நாட்டைப் பார்க்கிறாள் என்றார் ஒருவர். வரப்போகும் சாவைப் பார்க்கிறாள் என்றார் இன்னொருவர். எங்களைப் பார்க்க மறுக்கிறாள், அதுதான் அவளுடைய எதிர்ப்பு என்று ஒரு பேராசிரியை எழுதியிருந்தார். இவர்களுக்கு வேறு வேலை இல்லையா என்று எனக்குத் தோன்றும். ஆனாலும் ஒன்றையும் விடாமல் தேடித் தேடி வாசித்தேன். எரிச்சலும் பெருமையும் ஒன்றாக வரும். அதில் கொஞ்சம் பொறாமையும் உண்டு, மறைப்பானேன்.

அம்மாவுக்கு அந்தப் படங்களைப் போனில் காட்டியிருக்கிறேன். கண்ணாடி போடாமல், "ஓம், ஓம், நல்ல வடிவு" என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விடுவார். அந்த முகத்தில் அம்மாவின் சாயல் இருப்பதை நான் கண்டதுதான். கூடப் பிறந்தவர்கள், சாயல் இருக்காதா என்று விட்டுவிட்டேன். நான் அப்பாவை உரித்து வைத்த மாதிரி. எனக்கு அந்தச் சாயலில் பங்கு கிடைக்கவில்லை.

இந்தப் பனிக்காலத்தில் ரொறன்ரோ நகர மையத்தில் ஒரு காட்சியகம் அக்காவின் படங்களை வரவழைத்தது. திறப்பு நாள் பின்னேரம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா கல்யாண வீட்டுக்கும் பந்தல் போட முதலே போய் நிற்கிற ஆள். நாங்கள் போனபோது மண்டபத்தில் கண்ணாடிக் குவளைகளை அடுக்குகிறவர்களைத் தவிர ஒருவரும் இல்லை. வெள்ளைச் சுவர்கள், வெள்ளை வெளிச்சம், வெளியிலும் பனி. அந்த வெள்ளைக்குள் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே பெண், எங்களைப் பார்க்காமல், வேறு யாருக்கோ சிரிக்கப் போகிறவள்போல் இருந்தாள்.

அம்மா கோட்டைக்கூடக் கழற்றாமல் பெரிய படத்துக்கு முன்னால் நின்றார். கைப்பையைத் திறந்து கண்ணாடியை எடுத்துப் போட்டார். நெடுநேரம் பார்த்தார்.

"பிள்ளை, உது நானெல்லோ" என்றார்.

"அம்மா, அது பெரியம்மா."

"எனக்கு என்ரை முகம் தெரியாதோ? சீலை அக்காவின்ரை. சங்கிலி அக்காவின்ரை. முகம் என்ரை."

வயது போனதால் தடுமாறுகிறார் என்றுதான் நினைத்தேன். எழுபதை நெருங்குகிறவர். கையைப் பிடித்துச் சுவரோர மர வாங்கில் இருத்தினேன். அவர் தடுமாறவில்லை. மெதுவாக, குவளை அடுக்குகிறவர்களுக்குத் தமிழ் தெரியும் என்பதுபோல் குரலைத் தணித்துச் சொன்னார். அது அவருக்குக் கல்யாணம் பேச எடுத்த படம். பெரியம்மாதான் தன் சேலையை உடுத்திவிட்டு, தன் சங்கிலியைப் போட்டுவிட்டு, ஸ்டூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனவர். அந்தப் படத்தின் பிரதியொன்று அம்மாவிடம் இருந்தது. பெரியம்மா செத்து, வீடும் எரிந்த பிறகு, பெரியப்பா லண்டனிலிருந்து ஊருக்கு வந்த ஒருவரிடம் சொல்லி அனுப்பினாராம்.

"பிள்ளை அம்மாவின்ரை முகத்தைக் காட்டு, காட்டெண்டு அழுகுதாம். அவரிட்டை ஒரு படமும் இல்லை. சீலையும் சங்கிலியும் அவவின்ரைதானே, சாயலும் கொஞ்சம் இருக்கு, உன்ரை படத்தைத் தா எண்டார். பச்சைப் பிள்ளை அழுகுது எண்டால் குடுக்காமல் என்ன செய்யிறது? வளந்தாப் பிறகு அத்தான் சொல்லுவார் எண்டு நினைச்சன்."

பெரியப்பா சொல்லவில்லை. சொல்லாமலே சில வருடங்களுக்கு முன் காலமாகிவிட்டார். சலவைக் கடை மேல்மாடியில் அவர் ஏன் நிலத்தைப் பார்த்தார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. மனைவியின் தங்கச்சியைத் தாய் என்று சொல்லிப் பிள்ளைக்குக் காட்டியவர், அந்தப் பிள்ளை தன் கையால் வரைந்த இத்தனை முகங்களை எந்தக் கண்ணால் பார்ப்பார்?

அம்மாவுக்கு மெல்லச் சிரிப்பு வந்தது. "உயிரோடை இருக்கிற எனக்கு இத்தினை வருசமா மாலை போட்டிருக்கினம், பார்" என்றார். எங்கள் வீடுகளில் உயிரோடு இருப்பவரின் படத்துக்கு மறந்தும் பூ வைக்க மாட்டோம். நான் சிரிக்கவில்லை. "அம்மா, வாயைத் திறக்கப்படாது" என்றேன்.

அப்போது அக்கா உள்ளே வந்தார். கறுப்பு உடுப்பு, பாதி நரைத்த கட்டைத் தலைமயிர், நகங்களுக்குள் நீலச் சாயம். நானும் அவரும் நேரில் சந்தித்தது அதுதான் முதல் தடவை, அம்மா அவரைக் குழந்தையாகக் கண்டதுதான். என்னை அணைத்தார். பிறகு அம்மாவைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். யாரோ அவரைக் கூப்பிட்டார்கள், அவருக்குக் கேட்கவில்லை. கையை நீட்டி அம்மாவின் கன்னத்தைத் தொட்டார்.

"சின்னம்மா" என்றார். அவருடைய தமிழ், ஊரை விட்டுப் போன வயதிலேயே நின்றுவிட்ட தமிழ். ஐம்பதை நெருங்கும் ஒருவரின் வாயிலிருந்து சின்னப் பிள்ளையின் சொற்கள் வந்தன. "அம்மா கிழவியானா எப்பிடி இருப்பா எண்டு எனக்குத் தெரியாது. ஐ ட்ரைட். எப்பவும் பொய்யா வரும். இப்ப தெரியுது."

என்னிடம் ஆங்கிலத்தில் மிச்சத்தைச் சொன்னார். அம்மா செத்த வயதைத் தான் எப்போதோ தாண்டிவிட்டதாகவும், தன்னைவிட இளமையான ஒரு தாயை வரைந்து வரைந்து களைத்துவிட்டதாகவும் சொன்னார். சின்னம்மாவை வரைந்தால் அதற்குள்ளிருந்து அம்மாவின் முதுமையைக் கண்டுபிடித்துவிடலாம். அதுவே தன் கடைசிப் பெரிய வேலை. அந்த முகத்தைத் தவிரத் தன்னிடம் அம்மாவின் பொருள் என்று ஒன்றும் இல்லை.

அம்மா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், சொல்ல வேண்டாம் என்று.

லோரன்ஸ் வீதிக்குக் கிட்ட, வெக்ஸ்போர்ட்டில் எங்கள் வீட்டில், தம்பி அஜக்ஸ் நகருக்குக் குடிபோனதால் வெறுமையாகக் கிடந்த அறையில் அக்கா தங்கினார். முன்னறை யன்னலோரம் கதிரை போட்டு அம்மாவை இருத்தினார். வெளிச்சம் பனியில் பட்டு உள்ளே வரும், அதற்கு நிறமே இராது. அக்கா தாளைப் பலகையில் குத்தி, கரித்துண்டால் வரைவார். அம்மாவை அசையாமல் இருக்கச் சொல்வதில்லை. கதைக்கச் சொல்வார். ஆட்கள் கதைக்கும்போதுதான் முகம் அவர்களுடையதாக இருக்கும், பேசாமல் இருந்தால் முகம் ஒரு தளபாடம் என்பது அவருடைய கொள்கை.

அழிப்பதற்கு அவருக்கு றப்பர் ஆகாது, பேக்கரிப் பாண் வேண்டும். பாணின் உள்வெள்ளையைப் பிய்த்து, விரல்களால் உருட்டிப் பிசைந்து, கரிக் கோட்டின்மேல் ஒற்றி எடுப்பார். அம்மா அதைப் பார்த்துத் துடித்துப் போனார். "சாப்பிடுற சாமானாலை அழிக்கிறதோ?" என்றார். அடுத்த நாள் பாணை ஒளித்து வைத்தார். அக்கா தேடிக் கண்டுபிடித்தார். கடைசியில், வெள்ளையை அக்காவுக்கும் கரையைக் குருவிகளுக்கும் என்று ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள்.

என் வேலை காலையில் முடிந்துவிடும். மத்தியானம் வந்து சோபாவில் சரிவேன். கரி தாளில் உரசும் சத்தம், அம்மா எதையோ சொல்லும் சத்தம், வெப்பக் காற்று குழாய்க்குள் மூச்சு விடும் சத்தம். எல்லாம் ஒன்றாகி, தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல் இருக்கும். நித்திரையும் விழிப்புமாய் அந்தப் பின்னேரங்கள் போயின. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோசமாக நான் சும்மா இருந்ததில்லை. அதனாலேயே எனக்குப் பயமாகவும் இருந்தது.

அக்கா குளிக்கப் போகும் நேரம் பார்த்து நாங்கள் குசினிக்குள் சண்டை பிடித்தோம்.

"நான் எப்பிடிப் பிள்ளை என்ரை அக்காவா நடிச்சுக்கொண்டிருக்கிறது?" என்றார் அம்மா.

"ஆர் நடிக்கச் சொன்னது? சும்மா இருங்கோ. அவ கீறிப்போட்டுப் போகட்டும். உங்களுக்கு என்ன குறையப்போகுது?"

"எனக்கில்லை, அக்காவுக்குக் குறையுது. பெத்தவள் அவ. பேர் எனக்கு."

"இவ்வளவு காலமும் இல்லாத நியாயம் இப்ப ஏன்? அந்த மனுசி அந்த முகத்திலைதான் உயிர் வாழுது. அதைப் பிடுங்கப் போறியளோ?"

அம்மா கோப்பையைக் கழுவிக்கொண்டு நின்றார். எனக்கு வெற்றி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு பின்னேரம் அக்கா தாளிலிருந்து விலகி நின்று பார்த்தார். பழைய முகத்தின் ஒரு சின்னப் பிரதியைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். "சின்னம்மா, உங்கடை புருவம், அம்மாவின்ரை புருவம், சேம். கண் சேம். நாடி சேம். சிஸ்டர்ஸ் இப்பிடி இருக்கிறதை நான் காணேல்லை" என்றார்.

"ஒரே ஆள் எண்டால் ஒரே மாதிரித்தானே இருக்கும்" என்றார் அம்மா.

நான் சோபாவில் எழுந்து உட்கார்ந்தேன். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. அக்காவின் கண்ணைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னார். கல்யாணம் பேச எடுத்த படம், சேலை, லண்டனிலிருந்து வந்த ஆள், அத்தானின் வேண்டுகோள், எல்லாம். அக்காவுக்கு விளங்காத சொற்களை நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது. அவர் தலையில் நானே கல்லைத் தூக்கிப் போட்ட மாதிரி இருந்தது.

அக்கா அழவில்லை. கரித்துண்டைப் பெட்டிக்குள் வைத்தார். குளியலறைக்குப் போய்க் கையைக் கழுவினார். தண்ணீர் ஓடும் சத்தம் நெடுநேரம் கேட்டது. பிறகு கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நான் அம்மாவைக் கடுமையாக ஏசினேன். அம்மா நிலத்தில் விழுந்திருந்த பாண் துணுக்குகளைப் பொறுக்கினார். அது இன்னும் மோசமாக இருந்தது. அன்று ஓர் ஆள் வராததால் பின்னேர வேலைக்கும் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். போனேன்.

பனி கொட்டிக்கொண்டிருந்தது. பிளாசாவுக்கு முன்னால் நிறுத்தினேன். கடைசி ஆளாக அக்கா ஏறினார். தலையிலும் தோளிலும் பனி. என் பேருந்து என்று தெரிந்து ஏறினாரா, குளிருக்கு ஒதுங்கினாரா என்று தெரியவில்லை. என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு முன் இருக்கையில் உட்கார்ந்தார். கிழக்கு முனைவரை போனார், இறங்கவில்லை. மேற்கு முனைவரை வந்தார், இறங்கவில்லை. ஆட்கள் ஏறினார்கள், கோட்டுகளை உதறினார்கள், இறங்கினார்கள். கண்ணாடிக்குள் பார்க்கும்போதெல்லாம் அக்கா யாரோ ஒருவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெரு விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. வீதி வெள்ளையாகி, பிறகு நீலமாகி, பேருந்து எந்தத் திசையில் போகிறது என்பதே எனக்கு மறந்துபோயிற்று.

கிழக்கு முனையில் கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டும். எல்லோரும் இறங்கிவிட்டார்கள். எஞ்சின் மட்டும் முனகிக்கொண்டிருந்தது. நான் எழுந்து அவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏறுற எல்லாரிலையும் தேடுறன்" என்றார். "ஆரெண்டாலும் அவவா இருக்கலாம். முந்தி ஒரு முகம் இருந்தது. இப்ப ஒண்டும் இல்லை. எனிபொடி."

கவலையாக இருந்தது, அதைவிட அம்மாமேல் கோபமாக இருந்தது. என் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். அவர் குடித்தார். பிறகு, "அந்தப் படத்திலை சின்னம்மா ஆரைப் பாக்கிறா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது. வீட்டுக்குப் போய்த்தான் கேட்டோம். அம்மா சாப்பாட்டு மேசையில், சாப்பிடாமல் இருந்தார். நாங்கள் வந்ததைக் கண்டு எழும்பினார். அக்கா சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அதே கேள்வியைக் கேட்டார்.

"அக்காவைத்தான்" என்றார் அம்மா. "எனக்குக் கமராவைக் கண்டால் பயம். மூஞ்சியை நீட்டிக்கொண்டு இருந்தனான். அக்கா பக்கத்திலை நிண்டு முகத்தைக் கோணிப் பகிடி காட்டினவ. படம்பிடிக்கிறவர் ஏச ஏச, நிப்பாட்டாமல் காட்டினவ. அவவைப் பாத்துத்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கப்படாது எண்டு அடக்கிக்கொண்டிருக்கேக்கை பிடிச்ச படம் உது."

அக்கா சுவரில் சாய்ந்துகொண்டார். இத்தனை வருடங்களும் அவர் வரைந்தது, தன் தாயைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணை. நாடு, சாவு, எதிர்ப்பு என்று எழுதிய அறிஞர்களை நினைத்தேன். அந்த நேரத்திலும் எனக்கு ஒரு சின்னத் திருப்தி உண்டானதை மறைக்க முடியாது.

"அப்ப நீங்கள் பாத்ததைச் சொல்லுங்கோ" என்றார் அக்கா. "நாளைக்குக் காலமை. நான் கீறுறன்."

அடுத்த நாள் எனக்கு லீவு. அக்கா புதுத் தாளைக் குத்தினார். அம்மாவைக் கதிரையில் இருத்தவில்லை. தனக்குப் பக்கத்தில், தாளைப் பார்க்கும்படி நிறுத்தினார்.

"அக்கா நல்ல வடிவு" என்றார் அம்மா.

"எப்பிடி வடிவு?"

"நல்ல வடிவு. லட்சணமா இருப்பா."

"அம்மா, பொலிசுக்குச் சொல்லுற மாதிரிச் சொல்லுங்கோ" என்றேன் நான்.

அம்மாவுக்குச் சொற்கள் வரவில்லை. முகத்தைச் சொல்வதற்கு மனிதரிடம் எவ்வளவு குறைவான சொற்கள் இருக்கின்றன என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. கடைசியில் அவர் உயிரோடு இருப்பவர்களிடமிருந்து இரவல் வாங்கத் தொடங்கினார். நெற்றிக்கு என்னைக் காட்டினார். அப்பாவின் நெற்றி என்று நான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தது பெரியம்மாவின் நெற்றியாம். பேருந்துத் தரிப்புக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் காசு வாங்குகிற பெட்டையின் நாடி. கோவிலில் அர்ச்சனை ரிக்கற் கொடுக்கிற அன்ரியின் மூக்கு, ஆனால் கொஞ்சம் சின்னன். அக்கா கடைக்குப் போய் இடியப்பம் வாங்கினார். கோவிலுக்குப் போய் அர்ச்சனை செய்தார். இரண்டு இடத்திலும் ஆட்களை உற்றுப் பார்த்துவிட்டு வந்து வரைந்தார். அம்மா, "இல்லை", "கீழை", "உவ்வளவு வேண்டாம்" என்றார். அக்கா பாணால் ஒற்றினார். அம்மா இப்போது பாணைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, தானே பிய்த்துக் கொடுத்தார்.

நாட்கள் போயின. தாள் சாம்பலாகி, அழித்து அழித்து மெலிந்து, அதற்குள் ஒரு முகம் வருவதும் மறைவதுமாக இருந்தது. மூக்கு இருந்தது, நாடி இருந்தது, ஆள் இல்லை. அம்மா சோர்ந்து போனார். "என்னாலை ஏலாது பிள்ளை. அவ சிரிக்காமல் இருந்ததை நான் காணேல்லை. நீ சிரிக்காத ஆளைக் கீறுறாய்" என்றார்.

"அப்ப எப்பிடிச் சிரிப்பா?"

"வாயைப் பொத்திக்கொண்டு. முன்பல் ஒண்டு மற்றதிலை ஏறி நிக்கும். அதுக்கு வெக்கம். அதாலைதான் கல்யாணத்தைத் தவிர ஆர் கேட்டாலும் படத்துக்கு நிக்கமாட்டா. என்னோடை மட்டும் வாயைத் திறந்து சிரிப்பா."

அக்காவின் கை நின்றுவிட்டது. நாக்கு உதட்டுக்குப் பின்னால் மேற்பல்லைத் தடவுவது கன்னத்தில் தெரிந்தது.

"எனக்கும் இருந்தது" என்றார். "ஏறின பல்லு. அப்பா கம்பி போடுவிச்சு நேராக்கினவர். நான் வேண்டாம் எண்டு அழுதனான். அவரும் அழுதவர். ஏனெண்டு எனக்குத் தெரியாது."

அக்கா ஒரு பாண்துண்டால் வாயை முழுதாக அழித்தார். கரியைக் கூராக்கினார். திறந்த வாயை வரைந்தார், அதற்குள் பற்களை, ஒன்றின்மேல் ஏறி நிற்கும் மற்றதை. கன்னம் தானாக மேலே போயிற்று, கண் தானாக இடுங்கியது.

அம்மா கையிலிருந்த பாணை நழுவ விட்டார்.

"அக்கா" என்றார். "எடி அக்கா!"

தாளை நோக்கி ஓரடி வைத்தார். கரி அழிந்துவிடும் என்று தெரிந்ததால் தொடவில்லை. சின்னப் பெட்டைபோல் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார், பிறகு சிரித்தார். அந்தத் தாளில் இருந்தவரோ பேசினால் மறுமொழி சொல்லிவிடுவார் போலிருந்தார். கமராவுக்குப் பயந்த ஒரு தங்கச்சிக்குப் பகிடி காட்டுகிற, கொஞ்சம் குழப்படியும் குறும்புமான, பல் ஏறிய ஓர் இளம் பெண்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் பின்னால், பின்னால் போய், சோபாவில் முட்டி நின்றார். முகத்தில் சந்தோசம் இல்லை. முன்பின் தெரியாத வீட்டுக்குள் வந்துவிட்டவரைப்போல் இருந்தார்.

"இவவை எனக்குத் தெரியாது" என்றார். "நான் ஒரு நாளும் காணேல்லை." கரி படிந்த கையைத் தன் உடுப்பில் துடைத்தார். பிறகு, மிகவும் சின்னக் குரலில் கேட்டார். "சின்னம்மா, உவவுக்கு என்னைத் தெரியுமோ?"

அம்மா அழுகையை நிறுத்தினார். வந்து அக்காவின் கையைப் பிடித்துத் தாளுக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனார். நரைத்த தலைமயிரை நெற்றியிலிருந்து ஒதுக்கிவிட்டார். நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தி, வெளிச்சம் படும்படி படத்தின் பக்கம் திருப்பினார்.

"வடிவாப் பார் அக்கா" என்றார், தாளில் சிரித்தவரைப் பார்த்து. "இது உன்ரை பிள்ளை."